மலையகத்தில் நாடகம் போடுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் எங்கள் குழுவின் நாடகங்களைப் பார்த்தவர்களும், தங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு எங்களைக் கூப்பிட நினைப்பவர்களும், நடிக்க ஆசைப்படுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். போனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

நீங்கள் யார்? எத்தனை பேர்?

பதினான்கு பேர். பாடசாலை ஆசிரியர்கள் ஐந்து பேர், தேயிலைக் கொழுந்து எடுக்கிற அக்காமார் இரண்டு பேர், ஹட்டன் புடவைக்கடையில் வேலை செய்பவர்கள் இரண்டு பேர், ஓட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மூன்று பேர். முழுநேரமாக நாடகத்தை நம்பி யாரும் இல்லை. சனி, ஞாயிறுகளில் ஒரு முன்பள்ளி மண்டபத்தைத் தருகிறார்கள். அங்கேதான் ஒத்திகை. பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டு ஆரம்பிப்போம். முடிந்ததும் அவற்றைப் பழையபடி வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த ஒழுங்கு தவறியதில்லை, அதனால்தான் மண்டபம் இன்னும் எங்களிடம் இருக்கிறது.

தற்கால நாடகம் என்கிறீர்களே, அப்படியென்றால் கூத்து வேண்டாம் என்கிறீர்களா?

பெரியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடு. அந்தக் கோபம் நியாயமானது. இங்கே மேடை என்று ஒன்று இல்லாத காலத்திலும் நாடகம் இருந்தது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் வரைக்கும் தோட்டம் முழுக்கக் காமன் கூத்துத்தான். ரதியும் மன்மதனும் லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும், ஆடிக்கொண்டு வருவார்கள். பொன்னர் சங்கர் கூத்தில் போர்க்களத்தில் செத்து விழுகிற படுகளக் காட்சி வரும்போது பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கே அருள் வந்துவிடும். அருச்சுனன் தபசில் நெட்டுக்குத்தாக நிற்கும் தபசு மரத்தில் அருச்சுனன் பாடிக்கொண்டே ஏறுவதை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும். எங்கள் குழுவில் தப்புப் பறை அடிக்கும் தம்பியின் தாத்தா வருஷக்கணக்காக ரதி வேஷம் கட்டியவர். விரதமிருந்து வேஷம் கட்டியவரின் பேரனிடம் போய்க் கூத்து வேண்டாம் என்று யார் சொல்வது?

தற்காலம் என்று நாங்கள் சொல்வது கதையை. கூத்தில் ரதியின் புருஷன் எரிந்து போகிறான், அவள் ஒப்பாரி வைக்கிறாள். எங்கள் நாடகம் ஒன்றில் ஒருத்தியின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். அவள் சவூதிக்குப் போகப் பாஸ்போட் எடுத்துவிட்டாள். நாலு வயதுப் பிள்ளை அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவின், மடியில் தூங்குகிறது. புறப்படுவதற்கு முந்தின இரவில் அவள் பாடுவது ரதியின் ஒப்பாரி மெட்டுத்தான். சொற்கள்தான் வேறு: பிள்ளைக்கு எந்தப் போத்தலில் பால், எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்தச் சட்டை பாடசாலைக்கு. அந்த மெட்டு எழும்பியதும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை மேடைக்கேற்பச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மேடையேற்றினார். 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன். ஈழத்துத் தமிழ் நாடகத்துக்கு அது பெரிய திருப்பம். அது நடந்ததும் மலைநாட்டில்தான். அங்கிருந்து சில மைல் தூரத்துத் தோட்டங்களில் அதே வருஷங்களில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. பேராதனை மேடையின் வெளிச்சம் அப்போது அதன்மேல் விழவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. வித்தியானந்தன் காட்டிய வழியை எங்கள் கூத்துக்கு நாங்கள்தான் செய்து பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்யாதது ஒன்று இருக்கிறது. விழா மேடையில் அமைச்சருக்கு மாலை போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் காமன் கூத்து ஆடச் சொல்லிக் கேட்பார்கள். வரமாட்டோம். மூன்றாம் பிறையிலிருந்து பௌர்ணமி வரை நீளுகிற ஒன்றை ஐந்து நிமிடத்தில் காட்டினால் பார்ப்பவருக்கு மிஞ்சுவது சேலைக் கலரும் தப்புச் சத்தமும்தான்.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த மாதிரி நாடகம் விளங்குமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

எங்களிடம் கடிதம் பற்றிய நாடகம் ஒன்று இருக்கிறது. லயத்தில் இருப்பவர்களில் நிறையப் பேருக்கு இன்னும் தனி முகவரி கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே தோட்டத்தின் பெயர்தான் விலாசம். தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். வந்தால் வந்தது. எங்கள் நாடகத்தில் பல்கலைக்கழகம் கிடைத்த ஒரு பிள்ளையின் கடிதம் ஆபீஸ் மேசையில் கிடக்கிறது. நாற்பது நிமிடமும் மேசை நடுவில் இருக்கும். அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பை வைப்பார்கள், தொப்பி வைப்பார்கள், சம்பளக் கணக்குப் பார்ப்பார்கள். கடிதத்தை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளை மேசையைச் சுற்றி வந்து தண்ணீர் எடுப்பாள், விறகு கொண்டுபோவாள். கடைசி வரைக்கும் அவளுக்குக் கிடைக்காது. அப்படித்தான் எழுதியிருந்தோம்.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போட்டோம். கோயில் முற்றம், நல்ல பனி, எல்லோரும் தலையில் துவாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி நாடகத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாயி எழும்பினார். வெளியே போகிறார் என்று நினைத்தோம். நேரே மேசைக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கடித உறையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, நடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் கையில் கொடுத்தார். “இந்தா பிள்ள, ஒனக்குத்தான் வந்திருக்கு.”

கிளார்க்காக நடித்த ஆசிரியருக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பிள்ளை அந்தக் கடிதத்தை ஒருநாளும் வாசித்துப் பழகியதில்லை. உறைக்குள் வெறும் பத்திரிகைத் துண்டுதான் இருந்தது. பிரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “அம்மாயி, இது போன மாசம் வந்தது. திகதி முடிஞ்சிருச்சு.”

அம்மாயி இடத்துக்குத் திரும்பவில்லை. அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே நின்றார். நாடகம் முடியும்வரை நின்றார்.

அன்றிலிருந்து அந்த உறைக்குள் உண்மையாகவே ஒரு கடிதம் வைக்கிறோம், பதிவு செய்யக் கடைசித் திகதி எல்லாம் போட்டு. யாராவது எழும்பி வந்தால் பிள்ளை அதை வாசிப்பாள். இதுவரை இன்னும் இரண்டு இடங்களில் வந்திருக்கிறார்கள். விளங்குமா என்ற கேள்விக்கு எங்களிடம் இருக்கும் பதில் இதுதான்.

எப்போதும் லயத்துக் கஷ்டம்தானா? சிரிக்கிற மாதிரி, காதல் மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது. இந்தக் கேள்வியை இளைஞர்கள் கேட்கிறார்கள், கேட்க வேண்டும். மலையகத்தைப் பற்றிய நாடகம் என்றாலே கூடையோடு ஒரு அம்மா, குடித்துவிட்டு வரும் ஒரு அப்பா, கடைசியில் ஒரு சாவு என்று ஒரு அச்சு இருக்கிறது. பாடசாலைப் போட்டிகளில் வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்தக் கஷ்டம் பொய் இல்லை. ஆனால் குடிகார அப்பாவைக் கண்டதும் சபை தானாக அழ ஆரம்பித்தால் அங்கே நடிகருக்கு வேலை இல்லை, எழுதியவருக்கும் வேலை இல்லை.

எங்களுக்குப் பிடித்த நாடகம் இரண்டு அக்கா தங்கச்சிகளைப் பற்றியது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த எங்கள் ஆட்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை என்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். வீடுகளுக்குள்ளும் அந்தக் கோடு விழுந்தது. எங்கள் நாடகத்தில் அக்கா தமிழ்நாட்டில் கொத்தகிரியில் இருக்கிறாள், தங்கச்சி டிக்கோயாவில். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பேச வைத்துவிடுகிறார்கள். மேடையில் இரண்டு கதிரைகள், முதுகோடு முதுகு. இருவரும் கடைசி வரை திரும்பிப் பார்ப்பதில்லை. பேச்சு முழுக்கச் சண்டை. அம்மாவின் மூக்குத்தி யாரிடம் இருக்கிறது, மாட்டை விற்ற காசு எங்கே, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகிற ரயிலில் ஏறும்போது ஏன் அழவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் கடைசிக் கேள்வி வரும்போது அமைதியாகிவிடும். பிறகு அக்கா, கொழுந்து விலை என்ன என்று கேட்பாள். மறுபடி சிரிப்பார்கள்.

காதல் நாடகமும் ஒன்று தயாராகிறது. உயர்தரம் எழுதிய மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எழுதுகிறார்கள். நான் அதில் தலையிடவில்லை.

எந்தத் தமிழில் பேசுகிறீர்கள்?

வீட்டில் பேசுகிற தமிழில். இது லேசான காரியம் இல்லை. எங்கள் ஆட்கள் ஒத்திகைக்கு வெளியே நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், “நடி” என்று சொன்னவுடன் வானொலித் தமிழுக்கு மாறிவிடுவார்கள். இல்லாவிட்டால் யாழ்ப்பாண நாடகங்களில் கேட்ட “வாறன், போறன்” வந்துவிடும். அது அவர்களுடைய அழகான பேச்சு, எங்களுடையது “வர்றேன், போறேன்”. முதல் இரண்டு மாதம் வசனமே கொடுக்கமாட்டோம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் என்ன நடந்தது, மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது யார் யாரோடு சண்டை பிடித்தது, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் என்ன கதை என்று சொல்லச் சொல்வோம். அந்தப் பேச்சைப் போனில் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவோம். “இப்படியா நான் பேசுறேன்?” என்று ஆச்சரியப்படுவார்கள். அதிலிருந்துதான் வசனம் எழுதுகிறோம்.

கொழும்பில் போட்டபோது அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரை நாள் சம்பளம். அதை நாடகத்துக்குள் விளக்குவதில்லை. ஆரம்பிக்கும் முன் இரண்டு நிமிடம் பேசிச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்துக்கு வந்து போடுவீர்களா? என்ன ஏற்பாடு வேண்டும்?

வருவோம். மேடை வேண்டாம். இருபது அடிக்கு இருபது அடி சமமான இடம் போதும். கோயில் முற்றம், விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலை, பழைய பிரட்டுக்களம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் உள்ள இடம், எதுவானாலும் சரி. சனம் மூன்று பக்கமும் சுற்றி உட்காரலாம். மேட்டு லயத்து ஆட்கள் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் இருந்தே பார்க்கக்கூடிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது, வர முடியாத வயதானவர்களும் பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இடம் தோட்டத்துக்குச் சொந்தமென்றால் துரையிடம், அதாவது தோட்ட மனேஜரிடம், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒலிபெருக்கி பாவித்தால் பொலிஸ் அனுமதியும் வேண்டும். முடிந்தவரை மைக் இல்லாமல்தான் நடிக்கிறோம், இருநூறு பேர் வரைக்கும் குரல் எட்டும். கோயில் தலைவர், தோட்டத் தலைவர்மார் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருவருக்குச் சொல்லி ஒருவருக்குச் சொல்லாமல் விட்டு, நாடகமே வேண்டாம் என்று நின்ற இடம் உண்டு.

நேரம் மாலை ஆறரை. கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து, குளித்து, சமைத்து முடிக்க அக்காமாருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். அவர்கள் வராத நாடகத்தை நாங்கள் ஆரம்பிப்பதில்லை. எட்டு மணிக்கு முடித்துவிடுவோம். மறுநாள் விடிய எழும்ப வேண்டியவர்கள்.

வெளிச்சத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

ஆரம்பத்தில் நான்கு ஹலோஜன் லைட் கொண்டுபோனோம். லயத்து மின்சாரத்தில் போட்டதும் பியூஸ் போய், தோட்டத்தில் பாதி இருட்டாகிவிட்டது. எல்லா வீட்டிலும் சமைக்கிற நேரம். இப்போது ஐம்பது வாட் எல்ஈடி விளக்கு ஆறு, மொத்தம் முந்நூறு வாட், கோயில் இணைப்பிலேயே ஓடும். பழைய பால்மா டின்களை வெட்டி விளக்குகளுக்கு மூடி செய்திருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சுவரில் வெளிச்சம் சிந்தாமல் முகத்தில் மட்டும் விழும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தில் டோர்ச் லைட்டை வைத்தே ஒரு நாடகம் செய்தோம். சபையில் இருந்தவர்கள் தங்கள் டோர்ச்சை யார்மேல் அடிக்கிறார்களோ அவர்தான் பேசுவார். அந்த முறை பிடித்துப்போய் இன்னும் ஒரு காட்சியில் வைத்திருக்கிறோம்.

மழை வந்தால்?

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வெளியில் நாடகம் வைக்கமாட்டோம். தென்மேல் பருவ மழை விடாது. அந்த மாதங்களில் பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் போகிறோம், அந்தப் பக்கத்துக்கு மழை வருஷக் கடைசியில்தான் பலமாக வரும். மண்டபத்துக்குள் வைத்தாலும் தகரக் கூரை என்றால் மழைச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காது. அப்போது நிறுத்திவிட்டுத் தப்பை எடுப்போம், மழை விடும் வரைக்கும் பாட்டு.

இன்னொன்று: ஹட்டன் வழியாகச் சனம் போகிற சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக் வரை. அந்தக் காலத்தில் சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா நாட்களில் ஹட்டன் நகரத்துக்குள் நாடகம் வைப்பதில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காது, பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போக முடியாமல் நிற்பார்கள்.

டிக்கட் எவ்வளவு? செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

தோட்டங்களில் டிக்கட் இல்லை. முடிந்ததும் ஒரு கூடை சுற்றி வரும், விருப்பமானதைப் போடலாம். போடாவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நகரத்தில் மண்டபம் எடுத்தால் முந்நூறு ரூபா. டிக்கட் விற்கிற நாடகத்துக்கு உள்ளூராட்சி சபையில் டிக்கட்டுக்குச் சீல் அடித்துக் களியாட்ட வரி கட்ட வேண்டும், அதையும் ஒழுங்காகக் கட்டுகிறோம்.

ஒரு தடவை வெளியே போய் வர லொறிதான் பெரிய செலவு. அதை ஆசிரியர்கள் மாதாமாதம் போடும் சந்தாவில் கொடுக்கிறோம். உடுப்பு எல்லாம் எங்கள் வீட்டு உடுப்பு. சாப்பாடு கூப்பிடும் தோட்டம் தரும். ரொட்டியும் சம்பலும், பால் சேர்க்காத சாயத்தண்ணியும் போதும். விருந்து வைக்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் எங்களுக்காகக் கடன் வாங்கிக் கோழி அடித்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம்.

சம்பளத்தைப் பற்றிய நாடகத்தில் தொகை மாறிக்கொண்டே இருக்கிறதே?

கவனித்தவர்களுக்கு நன்றி. அந்த நாடகத்தை எழுதியபோது பேச்சு முழுக்க ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தைப் பற்றித்தான். வருஷக்கணக்காகக் கேட்ட அந்த ஆயிரம் 2021இல் கிடைத்தது. 2024இல் 1,350 ஆனது. ஒவ்வொரு தடவையும் வசனத்தை மாற்றினோம். அப்படி மாற்றும்போதுதான் கடைக் காட்சியின் அர்த்தம் எங்களுக்கே முழுதாகத் தெரிந்தது. சம்பளத் தொகை ஏறுகிறது, கடைக்காரர் சொல்லும் விலையும் ஏறுகிறது, அக்கா வாங்கும் மாவின் அளவு அப்படியே நிற்கிறது. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். நாடகம் அன்று பின்னேரம் கடைக்காரராக நடிப்பவர் அந்தத் தோட்டத்துக் கடைக்கே போய்க் கோதுமை மா, தேங்காய், பருப்பு, மண்ணெண்ணெய் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். மேடையில் அதே விலையைத்தான் சொல்வார். சபையில் இருந்து உடனே குரல் வரும், “நேத்து இருவது ரூபா கொறச்சலா இருந்துச்சே!” அந்தக் குரலுக்கு அவர் பதில் சொல்லித்தான் அடுத்த வசனத்துக்குப் போக வேண்டும்.

அரசாங்க அனுமதி எடுக்க வேண்டுமா? எதையாவது வெட்டச் சொன்னார்களா?

பொதுமேடையில் ஏற்றும் நாடகத்தின் பிரதியைப் பார்த்து அனுமதி கொடுக்க ஒரு சபை கொழும்பில் இருக்கிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, வெள்ளைக்காரன் காலத்தது. பிரதியை அனுப்புகிறோம். இதுவரை ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். வேறு நாடகத்துக்கு அதைவிடப் பெரிய வெட்டு வந்தால் அதை மேடையேற்றாமல் வைத்திருப்போம் என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம்.

எந்தக் கட்சி? எந்தத் தொழிற்சங்கம்?

எதுவும் இல்லை. கொடி கட்ட விடமாட்டோம், பிரதம அதிதி கிடையாது, பொன்னாடை கிடையாது. குழுவில் உள்ளவர்கள் தனித்தனியாகச் சங்கத்தில் இருக்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்பவர் சங்கத்தில் இருக்கத்தான் வேண்டும். நாடகத்தைப் பார்க்கத் தலைவர்கள் தாராளமாக வரலாம், எல்லோரோடும் பாயில் உட்காரலாம். இப்படிச் சொன்னதற்காக ஒரு நகர மண்டபம் கடைசி நேரத்தில் இல்லையென்று சொல்லிவிட்டது. அன்று அந்த நாடகத்தை மண்டபத்துக்கு வெளியே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோம்.

நானும் நடிக்கலாமா? வீட்டில் பெண்பிள்ளைகளை விடமாட்டார்களே?

நடிக்கலாம், பதினாறு வயது முடிந்திருக்க வேண்டும். அனுபவம் தேவையில்லை. முதல் மூன்று மாதம் வந்து எங்களோடு தரை கூட்டுவது, தப்பு அடிக்கப் பழகுவது, லைட் பிடிப்பது. அதற்குள் உங்களுக்கும் தெரிந்துவிடும், எங்களுக்கும் தெரிந்துவிடும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காமன் கூத்தில் ரதியாக ஆடியதும் ஆண்கள்தான். ஆகவே மேடையில் பெண் என்றால் பெரியவர்களுக்கு இன்னும் ஒரு தயக்கம். நாங்கள் ஆரம்பித்தபோது ஒரே ஒரு டீச்சர்தான் இருந்தார். மற்றப் பெண் வேஷம் எல்லாம் தம்பிமார் கட்டினார்கள். இப்போது பதினான்கில் ஆறு பேர் பெண்கள். அதற்கு நாங்கள் பிரசங்கம் செய்யவில்லை, நேரத்தை மாற்றினோம். ஒத்திகை காலை ஒன்பதுக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம். மலைப்பாதையில் பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் தெரியாது, சில பக்கம் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. நாடகம் முடிந்து இரவில் திரும்பும்போது ஓட்டோ அண்ணன் ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் லயத்து வாசலில் இறக்கி, அம்மா வெளியே வந்து பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவார். அம்மாமார் எப்போது வேண்டுமானாலும் ஒத்திகைக்கு வந்து உட்காரலாம். ஒரு பிள்ளையின் அம்மா அப்படிக் காவலுக்கு வந்தவர். இரண்டு மாதம் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள், “அந்த மாமியாக்காரி இப்படியா திட்டுவா?” என்று எழும்பி வந்து செய்து காட்டினார். கொழுந்து எடுக்கிற அக்காமார் இரண்டு பேர் என்று மேலே சொன்னேனே, அதில் ஒருவர் அவர். எங்களில் நல்ல நடிகை அவர்தான்.

சிங்கள நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

கட்டாயம். நகர மண்டபங்களில் கதையைச் சிங்களத்தில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுக்கிறோம். பராக்கிரம நிரியெல்லவின் ஜனகரலிய நாடகக் குழு, தமிழில் மக்கள் களரி, கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் இரண்டு மொழி நடிகர்களும் இரண்டு மொழியிலும் நடிக்கும் வழியைக் காட்டியது. நாங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் அக்கா தங்கச்சி நாடகத்தைக் கம்பளையில் பார்த்த ஒரு சிங்கள ஆச்சி, மொழி விளங்காமலே மூக்குத்திச் சண்டைக்குச் சிரித்தார்.

பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறோம். உதவுவீர்களா?

சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் உதவுகிறோம், பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் பயிற்சி, இலவசம். மேலே படிக்க விரும்பினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் படிக்கலாம். ஆசிரியர் இல்லாமல் பாடத்தைக் கைவிட்ட பாடசாலைகள் இங்கே இருக்கின்றன. உங்கள் பாடசாலை அப்படியென்றால் முதலில் எழுதுங்கள், அங்கேதான் முதலில் வருவோம்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

நாடகம் நடக்கும்போது வேண்டாம். புடவைக்கடையில் வேலை செய்கிற எங்கள் தங்கச்சி ஒருத்தி அழுகிற காட்சியைப் பத்து செக்கனுக்கு வெட்டி யாரோ டிக்டொக்கில் போட்டுவிட்டார்கள். அவள் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. முடிந்ததும் எல்லோரும் நிற்போம், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள்.

நான் எழுதிய நாடகத்தை அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆறு நடிகர்களுக்கு மேல் வேண்டாம், எழுபது நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், லொறியில் ஏற்ற முடியாத எதுவும் மேடையில் வேண்டாம். கையால் எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்பினாலும் வாசிக்கிறோம். எங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஏன் என்று ஒரு பக்கமாவது எழுதி அனுப்புவோம். பதுளை மாவட்டத்தில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு நடந்த 2014 ஒக்டோபரைப் பற்றி யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று நெடுநாளாகக் காத்திருக்கிறோம். அதை அந்தப் பக்கத்து ஆட்கள்தான் எழுத வேண்டும்.

நாடகம் முடிந்த பிறகு உங்களோடு பேசலாமா?

அதற்காகத்தான் எட்டு மணிக்கே முடிக்கிறோம். வேஷம் கலைக்க முன்னமே தேத்தண்ணி வந்துவிடும், பாயிலேயே உட்கார்ந்திருப்போம். பிடித்தது, பிடிக்காதது, எங்கள் தோட்டத்தில் இப்படி இல்லை என்பது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். குழுவில் ஒரு பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்வாள். விளக்குகளைக் கழற்றிச் சாக்கில் கட்டி, லொறி புறப்பட ஒரு மணித்தியாலமாவது ஆகும்.